நிங் ஆசான் வைத்த புள்ளி

தூரிகையை மையில் தோய்த்து அழகெழுத்து எழுதும் மை ஆசான் என்றோர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்க்காமல் தப்பியிருக்க வழியே இல்லை. எங்கள் ஹெங்தாங் மாவட்டத்தில் புது மருத்துவமனை திறந்தாலும் சரி, நூடுல்ஸ் கடை திறந்தாலும் சரி, பல் கட்டும் டாக்டர் கடைவீதியில் இரண்டாவது கிளை போட்டாலும் சரி, ரிப்பன் வெட்டுகிறவருக்குப் பக்கத்தில், கத்தரிக்கோலை எட்டிப் பிடித்துவிடக்கூடிய தூரத்தில், தோள்வரை நரைத்த முடியும், தாடி என்பதா வேர் என்பதா என்று விளங்காத ஒரு தாடியும், துணி முடிச்சுப் பித்தான் வைத்த சட்டையும், மணிக்கட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டை உருண்டையாக மணிகளுமாக ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாரே, அவர்தான். தூங்குகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். காற்று எந்தக் கோட்டில் வீசுகிறது என்று கவனித்துக்கொண்டிருக்கிறார்.

தன் பெயர் அட்டையை அவர் தன் கையால் தரமாட்டார். பின்னால் நிற்கும் சீடர் தருவார். வாங்கினால் அது விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாகப் பிரிந்துகொண்டே போகும். பேருந்து வருவதற்குள் படித்து முடிக்க முடியாது. இந்தச் சங்கத்துத் துணைத்தலைவர், அந்தக் கழகத்துக் கௌரவ ஆலோசகர், மூன்று பல்கலைக்கழகங்களின் சிறப்புப் பேராசிரியர். மூன்றில் ஒன்று உண்மையாகவே இருக்கிறது.

எழுதச் சொன்னால் உடனே எழுதிவிடுவாரா? அதெப்படி? முதலில் தாளைப் பார்ப்பார். தாள் கூச்சப்படும்வரை பார்ப்பார். பிறகு ஒரு வாய் தேநீர். பிறகு மேசையை ஒரு சுற்று. பிறகு வலது கைச் சட்டையை மடிப்பார், யோசித்து இறக்குவார், மறுபடி மடிப்பார். அதற்குள் கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பசி வந்துவிடும். அப்புறம் திடீரென்று, வாணலியில் எண்ணெய் தெறித்த மாதிரி, இரண்டு மூச்சில் எல்லாம் முடிந்துவிடும். பின்னால் நகர்ந்து நின்று, தான் எழுதியதைத் தானே முதல்முறை பார்க்கிறவர் போலப் பார்த்து, "ம்ம்… வந்துடுச்சு" என்பார். வந்தது எது என்று கேட்கக்கூடாது. கை தட்ட வேண்டும்.

இந்த இனத்தை மொத்தமாகப் பார்ப்பதைவிட ஒருவரைத் தனியாகப் பிடித்துப் பார்ப்பது நல்லது. எங்கள் ஊர் நிங் போஷானையே எடுத்துக்கொள்வோம்.

நிங் போஷானின் வாழ்க்கைக் குறிப்பைப் படித்தீர்களானால், "இளமையில் மண்ணோடும் மக்களோடும் கலந்து, பரந்த வெளிகளில் தூரிகை பழகினார்" என்றிருக்கும். பொய் இல்லை. உரத் தொழிற்சாலையில் சுவரெழுத்து எழுதும் வேலை பார்த்தார். மண் என்பது உரம்; பரந்த வெளி என்பது சுற்றுச்சுவர். "இங்கே புகைபிடிக்காதே" என்று ஓர் ஆள் உயரத்துக்கு அவர் எழுதியதைப் பார்த்து மேலாளரே சிகரெட்டை அணைத்தாராம். அவ்வளவு நெஞ்சுரமான எழுத்து. தொழிற்சாலை உணவுக்கூடத்தில் அடை சுடும் சியூஃபென் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் எழுதியவனைப் பார்க்க ஆசைப்பட்டாள். பார்த்தபோது கொஞ்சம் ஏமாற்றம்தான் என்றாலும் கல்யாணம் செய்துகொண்டாள்.

தொழிற்சாலையை மூடினார்கள். நிங் மாவட்டக் கலைக்கூடத்துக்கு வந்தார். கலைக்கூடத்தில் ஒருவர் ஓவியராக வேண்டுமென்றால் அவருக்கென்று ஓர் உருப்படி வேண்டும். குதிரையை ஒருவர் பிடித்திருந்தார், புலியை இன்னொருவர், மூங்கிலை குவாங் ஷியூவான். கடைசியில் வாத்தும் நண்டும்தான் மிச்சம். நிங் நண்டைத் தேர்ந்தெடுத்தார். நண்டுக்குக் கால்கள் நிறைய. ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் யாரும் எண்ணிப் பார்க்கமாட்டார்கள். நாளாக ஆக 'நண்டு நிங்' ஆனார். அதன்பின் 'நிங் ஆசான்' ஆனார். அதற்கும் பின் 'பேராசான்' ஆனார். இந்த ஏற்றத்தின் ஒவ்வொரு படியிலும் முடி ஒரு விரற்கடை நீண்டது, எழுத்து ஒரு விரற்கடை கோணியது. கோணக் கோண மதிப்பு. ஒருவராலும் வாசிக்க முடியாத அளவுக்கு வந்தபோது மாவட்ட எழுத்துக்கலைச் சங்கத்தில் துணைத்தலைவர் ஆக்கினார்கள்.

துணைத்தலைவர் என்றால் பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. குழுப்படம் எடுக்கும்போது துணைத்தலைவர்கள் மூன்று வரிசை, உறுப்பினர்கள் ஒரு வரிசை. தலைவர் பதவிதான் விஷயம். பழைய தலைவர் முழங்கால் வலியால் பதவி விலகப்போகிறார் என்று செய்தி வந்த நாளிலிருந்து இரண்டு பேருக்குத் தூக்கம் போயிற்று. ஒருவர் நிங். மற்றவர் மூங்கில் குவாங்.

குவாங்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் யாரையும் குறைசொன்னதே இல்லை. உதட்டைத் திறக்காமல் புன்னகை செய்வார், அவ்வளவுதான். அந்தப் புன்னகைக்குப் பயந்து ஓவியத்தை விட்டுவிட்டுக் காப்பீட்டு முகவர் ஆனவர்கள் உண்டு.

இந்தச் சமயத்தில்தான் ஹெங் ஆற்றின் மேல் புதுப் பாலம் கட்டி முடித்தார்கள். பாலத்தின் முகப்பில் கருங்கல்லில் பெயர் பொறிக்க வேண்டும். மாவட்டத் தலைவர் ஷு லிங், சிரித்தால்கூடச் சுருக்கமாகச் சிரிக்கும் பெண்மணி, நிங்கைத் தேடி வந்து கேட்டார்.

"ஆசானே, 'ஹெங்தாங் பெரிய பாலம்'. நாலே நாலு எழுத்து. உங்க கையாலதான் எழுதணும். இதை நல்லபடியா முடிச்சுட்டா, வரப்போற சங்கத் தேர்தல்ல… நான் ஒண்ணும் சொல்லல."

"நானும் ஒண்ணும் கேட்கல, தலைவரம்மா" என்றார் நிங். இருவரும் சொல்லாததும் கேட்காததும் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

கலைக்கூட முற்றத்தில் எழுத்து விழா. வசந்த காலம். எங்கள் ஊர் வசந்த காலத்தைப் பற்றித் தெரியாதவர்கள்தான் அதைப் புகழ்வார்கள். தெரிந்தவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். ஆற்றங்கரை வில்லோ மரங்களிலிருந்து பஞ்சு கிளம்பி, தெருவெல்லாம் மிதந்து, தேநீரில் விழுந்து, மூக்கில் புகுந்து உயிரை வாங்கும். சங்கம் முழுவதும் கூடியிருந்தது. தலைவர் ஷு முன்வரிசை. குவாங் அவருக்குப் பக்கத்தில், புன்னகையோடு. சீடர் தாவ் மையைப் பார்த்துக்கொண்டார். தாவ் ஓய்வுபெற்ற வருமான வரி அதிகாரி. வேலையில் இருந்தபோது யாரையும் நம்பாத மனிதர். ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து நிங் ஆசான் எது சொன்னாலும் நம்பினார்.

நிங் தாளைப் பார்த்தார். தேநீர் குடித்தார். மேசையைச் சுற்றினார். சட்டையை மடித்து, இறக்கி, மடித்தார். துடைப்பம் பருமனுள்ள தூரிகையை மையில் முக்கி எடுத்தார். 'ஹெங்', 'தாங்', 'பெரிய', 'பாலம்'; எங்கள் சீன எழுத்தில் ஒவ்வொன்றும் ஒரே எழுத்து. உண்மையைச் சொல்ல வேண்டும், அன்றைக்குக் கை நன்றாக ஓடியது. முடித்துத் தூரிகையை உயர்த்தி, ஒரு கணம் காற்றில் அப்படியே நிறுத்தினார். படம் எடுப்பவர்களுக்காக அவர் வழக்கமாகக் கொடுக்கும் கணம் அது.

அந்தக் கணத்தில் ஒரு துண்டு வில்லோப் பஞ்சு அவர் மூக்குக்குள் போனது.

தும்மல் என்றால் சாதாரணத் தும்மலா? மேசை ஆடியது. பின்வரிசையில் ஒரு துணைத்தலைவர் விழித்துக்கொண்டார். தூரிகை நுனியிலிருந்து ஒரே ஒரு துளி, கொழுத்த, கறுத்த, பளபளவென்ற துளி, கீழே வந்து 'பெரிய' என்ற எழுத்தின் வலது தோளுக்கு மேலே உட்கார்ந்தது.

எங்கள் எழுத்தில் 'பெரிய' என்பது ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்து, காலை அகட்டி நிற்பது போல இருக்கும். அதன் வலது தோளுக்கு மேல் ஒரு புள்ளி வைத்தால் அது 'பெரிய' இல்லை. 'நாய்'.

ஹெங்தாங் நாய்ப் பாலம்.

எல்லோரும் புள்ளியைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் நிங்கைப் பார்த்தார்கள். நிங்கும் புள்ளியைத்தான் பார்த்தார். "அடச்சே, தும்மிட்டேன், இன்னொரு தாள் கொடு" என்று சொன்னால் தீர்ந்தது. எவ்வளவு சின்ன வாக்கியம்! நிங்குக்கும் அது நாக்கு நுனிவரை வந்தது. அப்போது தலை நிமிர்ந்தவர் குவாங்கைப் பார்த்துவிட்டார். குவாங்கின் புன்னகை இடது பக்கம் ஒரு நூலளவு நீண்டிருந்தது.

நிங் கண்களைச் சுருக்கினார். ஓரடி பின்னால் போனார்.

"ம்ம்… வந்துடுச்சு" என்றார்.

கைதட்டல் கிளம்பியது. முதலில் தட்டியவர் தாவ். "அந்தப் புள்ளி! அந்தப் புள்ளியைப் பாருங்கய்யா! மூச்சை அப்படியே தாளுக்குள்ள ஊதிட்டாரே!" என்ற அவர் கண்ணில் நீர். தலைவர் ஷு மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"ஆசானே… அந்த எழுத்து மேல ஒரு புள்ளி இருக்கே…"

"ஓ! புள்ளி தலைவரம்மா கண்ணுக்குப் பட்டுடுச்சா?" என்றார் நிங். "எல்லாருக்கும் படாது. நல்ல கண் உங்களுக்கு."

நல்ல கண் என்று சபையில் சொன்னபிறகு, புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? ஷு தலையாட்டினார். அவர் ஆட்டியதும் மற்ற தலைகளும் ஆடின.

வீட்டில் சியூஃபென் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். தாவ் அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் அதற்குள் பார்த்திருந்தாள்.

"யோவ் கிழவா, என்னய்யா இது? பாலத்துக்கு நாயைக் கட்டி வச்சிருக்கே?"

"அது நாய் இல்ல. ஆற்றுக்கு மேலே நிலா."

"நிலா இவ்வளவு கறுப்பாவா இருக்கும்? தும்மினியா?"

நிங் செருப்பைக் கழற்றினார்.

"தும்மியிருக்கே. உன் தும்மல் எனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்னைக்கு மெழுகுவர்த்தியை அணைச்ச ஆளு நீ. ஒரு போன் போடு. 'கை தவறிப்போச்சு, வேற எழுதித் தர்றேன்'னு சொல்லு. குடியா முழுகிப்போகும்?"

"நீ ஒரு கலைஞனைப் புரிஞ்சுக்கலே, கிழவி."

"கலைஞனை விடு. நாயைக் கல்லுல வெட்டிட்டா அப்புறம் சோப்புப் போட்டு அழிக்க முடியாதுய்யா."

அவர் போனை எடுத்தார். வைத்தார். எடுத்தார். எண்ணைப் போட்டார். மறுமுனையில் மணியடிப்பதற்குள் குவாங்கின் உதடு நினைவுக்கு வந்தது, வைத்துவிட்டார். மறுநாள் கல் செதுக்கும் நிறுவனத்திலிருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள். தாவ்தான் பேசினார். "ஐயா, அந்தப் புள்ளியையும் செதுக்கணுமான்னு கேக்கறாங்க." நிங்குக்கு விதி கதவைத் திறந்து விட்ட மாதிரி இருந்தது. திறந்த கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.

"நான் எழுதினதுல வெட்டவும் ஒட்டவும் அவங்க யாரு?" என்றார் உரக்க.

"அப்படிக் கேளுங்க ஆசானே!" என்று சொல்லிவிட்டு, தாவ் போனில் அதை இன்னும் உரக்கச் சொன்னார்.

திறப்பு விழா நாளில் சிவப்புத் துணி போர்த்திய கல் முகப்பில் நின்றது. மாவட்டத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் லோ, எங்கள் ஊரில் வெல்லப்பாகுக் குரல் என்றால் அவர்தான், ஒலிவாங்கி முன்னால் நின்றார். நூல் இழுக்கப்பட்டது. துணி விழுந்தது. விழுந்த வேகத்தில் கிளம்பிய காற்று லோவின் கையிலிருந்த தாளை ஆற்றுக்குக் கொண்டுபோய்விட்டது. லோ அனுபவசாலி, பதறவில்லை. எதிரே கல்லில் பெயர் இருக்கிறதே! தங்க முலாம் பூசி, ஆளுயரத்துக்கு, வெயிலில் மின்னுகிறதே! அதைப் பார்த்து, வெல்லப்பாகை ஊற்றினார்.

"பெருமைமிகு தருணம்! இதோ, மக்கள் பயன்பாட்டுக்காக… ஹெங்தாங்… நாய்ப் பாலம்!"

ஒலிபெருக்கிகள் இரண்டு கரைகளிலும் கட்டியிருந்தார்கள். அக்கரையிலிருந்து ஒரு நாய் குரைத்தது. அதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

அதற்குப் பிறகு நிங் பட்டதைக் கேட்டால் உங்களுக்கே பாவமாக இருக்கும். கலைக்கூடத்தில் விளக்கக் கூட்டம் நடத்தினார். புள்ளி என்பது நிலா என்றார். யாரோ, பகலில் ஏன் நிலா என்றார்கள். பணிவின் அடையாளம் என்றார். பணிவு ஏன் தோள்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். தாவ் உள்ளூர்ச் செய்தித்தாளில், அது பயணியின் கண்ணீர்த்துளி என்று இரண்டு பத்தி எழுதினார். மறுநாளே குவாங், "ஓர் எளிய மாணவனின் ஐயம்" என்று தலைப்புப் போட்டு, நிங் ஆசானின் ஆழ்ந்த புலமையை முழுக்கப் பத்தி பத்தியாகப் புகழ்ந்துவிட்டு, கடைசி வரியில், "என் அகராதியில் மட்டும் அது நாய் என்றிருக்கிறது, அகராதி மலிவுப் பதிப்பு, மன்னிக்கவும்" என்று முடித்தார்.

அதோடு விட்டதா? 'பேராசான்' என்ற பட்டத்திலும் அதே 'பெரிய' எழுத்துதானே முதலில் வருகிறது! ஊரில் கைப்பேசி வைத்திருந்த அத்தனை பேரும் அதன் தோளில் ஒரு புள்ளி வைத்தார்கள். நிங் போஷான், நாய் ஆசான். மீன் சந்தைக்குப் போனால் நண்டு விற்கிறவன், "வாங்க நாய் ஆசானே! இன்னிக்கு நண்டு வேணுமா, எலும்பு போதுமா?" என்றான். சுற்றிலும் இருந்தவர்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நிங்கும் சிரிக்கப் பார்த்தார். நண்டு வாங்காமலே வீடு திரும்பி, பாலம் கண்ணில் படக்கூடாது என்று ஆற்றுப் பக்கத்து ஜன்னலுக்கு எதிரே அலமாரியை நகர்த்தி வைத்தார். அலமாரியைத் தள்ளும்போது சியூஃபென் ஒரு கை கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததுதான் அவருக்கு மிகவும் உறுத்தியது.

ஆனால் ஊர் சிரித்தது ஊரோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நகரத்திலிருந்து ஒரு பெண், தன் குட்டை வால் நாய்க்குச் சட்டை மாட்டிக் கூட்டிவந்து, அந்தக் கல்லுக்கு முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தாள். அதற்கடுத்த ஞாயிறு ஒரு பேருந்து நாய்கள். அப்புறம் பேருந்துகள். பாலத்தில் நாயோடு நடந்தால் நாய்க்கு ஆயுசு கூடும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தங்கும் விடுதிகளில் இடமில்லை. பாலத்தடியில் ஆவியில் வேகவைத்த பன் விற்றவர்கள் பன்னுக்குக் காதும் வாலும் வைத்தார்கள்.

தலைவர் ஷு ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். நிங் முகம் வெளுத்து எழுந்து நின்றார். கல்லை உடைக்கச் செலவு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தார்.

"ஆசானே, உண்மையைச் சொல்லுங்க" என்றார் ஷு. "அது நாய்தானே?"

இத்தனை வாரமும் நிலா, பணிவு, கண்ணீர் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

"ஏன் கேக்கறேன்னா, 'நாய்ப் பாலத் திருவிழா'ன்னு ஒண்ணு நடத்தப்போறோம். நீங்க நாயைத்தான் மனசுல வச்சு எழுதினீங்கன்னா, திருவிழா நாயகர் நீங்க. இல்லேன்னா குவாங் ஐயா இருக்காரு. அவரு மூங்கிலை விட்டுட்டு இப்ப நாய்தான் வரையறாரு. மூங்கிலுக்கு நடுவுல சின்னதா ஒண்ணு எட்டிப் பாக்குது."

நிங் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"அம்மா, முதல் கோடு இழுக்கறப்பவே அது நாய்தான்" என்றார்.

உள்ளே சியூஃபெனுக்கு விதை புரைக்கேறியது.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. விழா மேடையில, எல்லார் முன்னாலயும், அதே மாதிரி இன்னொரு தடவை எழுதிக் காட்டுங்க. புள்ளி முக்கியம். அச்சு அசலா அந்தப் புள்ளி வேணும்."

'அச்சு அசலா அந்தப் புள்ளி!' எழுத்துக்கலையில் ஐம்பது ஆண்டு ஊறிய கைக்கு ஒரு புள்ளி என்ன பெரிய காரியம்? நிங்கும் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தார். முதல் புள்ளி தவளைக்குஞ்சு மாதிரி வந்தது. அடுத்தது சோயா விதை. அதற்கடுத்ததைப் பார்த்து சியூஃபென் துடைப்பத்தை எடுத்துவந்துவிட்டாள். கரப்பான் என்று நினைத்தாளாம். வைத்த புள்ளி ஒவ்வொன்றும் வைத்தது மாதிரியே இருந்தது. கல்லின்மேல் இருந்ததோ தானாக வந்து உட்கார்ந்த புள்ளி. ஈரமாக, கனமாக, இப்போதுதான் விழுந்தேன் என்று சொல்கிற புள்ளி.

"தும்மிப் பாருங்க ஆசானே" என்றார் தாவ். அன்று வந்தது தற்செயலான தும்மல் என்று அவருக்குத் தெரியாது. ஆசான் வேண்டுமென்றே செய்த 'மூச்சு ஊதுதல்' வித்தை என்றே நம்பியிருந்தார். மிளகுத்தூள் கொண்டுவந்தார். தும்மலுக்குப் பதில் இருமல் வந்தது. வாத்து இறகு கொண்டுவந்தார். நிங்குக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் ஆற்றங்கரைக்குப் போய் ஒரு பை நிறைய வில்லோப் பஞ்சு பொறுக்கி வந்து இருவரும் மின்விசிறி முன்னால் கொட்டினார்கள். தும்மல் வந்தது, சந்தேகமில்லை. துளியும் விழுந்தது. தாவின் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவே.

"ஆஹா!" என்றார் தாவ், கண்ணாடியில் பார்த்துக்கொண்டு. "இதுதான் ஆசானே! இதே புள்ளிதான்!" அன்று முழுக்க அவர் நெற்றியைக் கழுவவில்லை.

தாவ் போனபின் நிங் தரையில், கசக்கிய தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். முடி முழுக்கப் பஞ்சு. சியூஃபென் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"ஏன் வரமாட்டேங்குது, கிழவி?"

"நீ ஒரு கோடு இழுக்கறதுக்கு முன்னாடி யார் பாக்கறாங்கன்னு சுத்திப் பாப்பே. இழுத்துட்டும் சுத்திப் பாப்பே. அந்தப் புள்ளி விழுந்தப்ப தும்மல்ல உன் கண்ணு மூடியிருந்துச்சு."

"அந்தப் புள்ளி நான் போட்டதே இல்ல, சியூஃபென்."

"தெரியும்யா. அதனாலதான் அது நல்லா இருக்கு."

அவர் கசக்கிய தாள் ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து நீவினார். அழுதாரா என்று கேட்கிறீர்களா? தாடி இருக்கிறவர்கள் விஷயத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது.

"மேடையில சொல்லிடறேன்" என்றார். "தலைவர் பதவி போனாப் போகட்டும். குவாங் பல்லைக் காட்டிச் சிரிச்சாச் சிரிக்கட்டும். தும்மல்னு சொல்லிடறேன்."

சியூஃபென் அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் பொய் ஏதும் தெரியவில்லை. எழுந்துபோய் அவருக்குப் பிடித்த பூண்டுத் தண்டு வறுவல் செய்தாள்.

திருவிழா அன்று பாலம் தெரியவில்லை, நாய்தான் தெரிந்தது. சடை நாய், வழுக்கை நாய், தள்ளுவண்டியில் வந்த நாய், தன் எசமானைவிட நல்ல கோட்டுப் போட்ட நாய். மேடையில் பெரிய தாள் விரித்திருந்தார்கள். முன்வரிசையில் ஷு, குவாங், மூன்று வரிசைத் துணைத்தலைவர்கள். நிங் தாளைப் பார்க்கவில்லை. தேநீர் குடிக்கவில்லை. மேசையைச் சுற்றவில்லை. நேராக ஒலிவாங்கிக்குப் போனார்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "அந்தப் புள்ளி நான் வச்சது இல்ல. எனக்குத் தும்மல் வந்துச்சு. மை சொட்டிடுச்சு. அவ்வளவுதான். நிலாவும் இல்ல, நாயும் இல்ல. வெட்கப்பட்டுக்கிட்டு இத்தனை நாள் பொய் சொன்னேன்."

ஒரு கணம் நாய்கள்கூடக் குரைக்கவில்லை.

பிறகு யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கைதட்டல், அந்தப் பாலம் அதுவரை தாங்காத கைதட்டல்!

"பாத்தீங்களா!" என்று எழுந்து நின்றார் ஷு. "எவ்வளவு பெரிய ஆள், எவ்வளவு பணிவு! மூச்சையே ஊதி இப்படி ஒரு புள்ளியை வச்சுட்டு, வெறும் தும்மல்ங்கறாரே!"

"இல்லம்மா, நிஜமாவே தும்மல்…"

"அடக்கம்! அடக்கம்!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினார்கள்.

"ஐயோ, வில்லோப் பஞ்சுய்யா! மூக்குல போச்சுய்யா!" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினார் நிங். கூட்டம் உருண்டு புரண்டது. தாவ் தேம்பி அழுதுகொண்டிருந்தார். குவாங் மட்டும் நிங்கையே உற்றுப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் நிங் சொன்னதை நம்பினார். நம்பியதை யாரிடம் சொல்வது? அவர் உதடு முதல்முறையாகத் திறந்தது. திறந்து, மூடியது.

நிங் எழுதக்கூட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரத் தேர்தலில் போட்டியே இல்லை. குவாங்கே முன்மொழிந்தார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவரிடம் சியூஃபென் கேட்டாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"நம்பினாங்களா?"

"யாரும் நம்பலே."

"மனசு எப்படி இருக்கு?"

நிங் செருப்பைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். கடைசியில் உண்மையைச் சொன்னார்.

"கைதட்டல் நல்லா இருந்துச்சு."

இப்போது அந்தத் தும்மல் கதையை நிங் ஆசான் எல்லா விருந்துகளிலும் சொல்கிறார். சொல்வதற்கு முன் கண்ணை மூடுகிறார், ஒரு வாய் தேநீர் குடிக்கிறார், தும்மலுக்கு முந்தைய நொடியில் கையை உயர்த்தி நிறுத்துகிறார். படம் எடுப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பெயர் அட்டையில் ஒரு மடிப்புக் கூடியிருக்கிறது. அதில், 'பணிவுக்காக அறியப்பட்டவர்' என்றிருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் தூரிகை இல்லை, தாடி இல்லை, நீங்கள் எந்தச் சங்கத்துக்கும் துணைத்தலைவர் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். போன விடுமுறைக்கு மைத்துனர் குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, திருப்பத்தைத் தவறவிட்டு, வயல்வெளிக்குள் வழி தெரியாமல் அரைமணி அலைந்தபோது, "இந்தப் பக்கமா வந்தாத்தான் காத்து நல்லா இருக்கும்னு வேணும்னே கூட்டிட்டு வந்தேன்" என்று சொன்னது யார்? பின்சீட்டில் உட்கார்ந்திருந்த உங்கள் மனைவி அப்போது ஒன்றும் சொல்லவில்லை, இல்லையா?

அவருக்குத் தெரியும்.